தூளியா, மரத் தொட்டிலா?

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு இரண்டரை மாதம் ஆகிறது. பகலில் சேலைத் தூளியிலும், இரவில் இலவம்பஞ்சு மெத்தையிலும் உறங்குகிறான். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைத்திருக்கிறோம். பால் கக்குவதால் ஒருக்களித்தே படுக்க வைக்கிறோம். மரத் தொட்டில் வாங்கலாம் என்கிறார் மருமகன். வாங்கலாமா?
— ஒரு பாட்டி, திண்டுக்கல்

மருத்துவர் பதில்: அம்மா, தொட்டில் வாங்குவது இருக்கட்டும், முதலில் அந்தக் கடுகுத் தலையணையை எடுத்துவிடுங்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தலையணையே வேண்டியதில்லை. அது தலையை முன்னால் தள்ளுவதால் மோவாய் மார்பில் படிந்து, ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலமே உள்ள மூச்சுக்குழாயில் காற்றோட்டம் தடைபடக்கூடும். தலையின் வடிவத்துக்கு, விழித்திருக்கும் நேரத்தில் உங்கள் கண்ணெதிரே சிறிது நேரம் குப்புறப் போடுவதும், நாளுக்கொரு பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுக்க வைப்பதும் போதும்.

இலவம்பஞ்சு மெத்தையை உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்துப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால், அது உங்கள் முதுகுக்குச் சுகமாக இருக்கலாம், பேரனுக்கு ஆகாது. முகம் அதில் புதைந்தால், தான் வெளிவிட்ட காற்றையே குழந்தை திரும்பத் திரும்ப உள்ளிழுக்க நேரும். காரணம் புலப்படாமல் தூக்கத்திலேயே நிகழும் சிசு மரணங்கள் 2 முதல் 4 மாதங்களுக்குள்தான் மிகுதி என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். தரையில் கோரைப்பாய் விரித்து, அதன்மேல் பருத்தி விரிப்பைச் சுருக்கமில்லாமல் போட்டால், கடையில் விற்கும் மெத்துமெத்தென்ற குழந்தைப் படுக்கைகளைவிட அதுவே மேல்.

ஒருக்களித்துப் படுக்கும் குழந்தை எளிதில் குப்புறக் கவிழ்ந்துவிடும். ஆகவே எப்போதும் மல்லாத்தியே உறங்க வையுங்கள். பால் புரையேறும் என்ற அச்சம் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் மல்லாந்திருக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் அமைவதால், கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் செல்வது கடினம். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய மல்லாத்திப் படுக்க வைக்கும் பரப்புரைக்குப் பின், அங்கு இத்தகைய மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

நானும் தூளியில் வளர்ந்தவன்தான். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் துணி உடலைச் சுற்றிக் குவிவதால் முதுகு வளைந்து, கழுத்து மடங்குகிறது. அழுகையை அமர்த்த ஆட்டுங்கள். கண்ணயர்ந்ததும் சமதளத்துக்கு மாற்றிவிடுங்கள். ஆளில்லாத தூளியைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். அதில் ஏறி விளையாடும் பிள்ளைகளின் கழுத்தில் சேலை முறுக்கிக்கொண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன.

மருமகன் வாங்குவதானால் தாராளமாக வாங்கட்டும். கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் மெத்தை சிறியது என்று பொருள். பக்கச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கும் வகை வேண்டாம். அமெரிக்கா அதை 2011-இலேயே தடை செய்துவிட்டது. ஓரத்தில் கட்டும் பஞ்சுத் திண்டு, பொம்மை, கனத்த போர்வை எதுவும் உள்ளே இருக்க வேண்டாம். கொசுவலையை வெளிப்புறமாக, குழந்தையின் கைக்கு எட்டாதவாறு இழுத்துக் கட்டுங்கள். முதல் ஆறு மாதமாவது தொட்டில் தாயின் அறையிலேயே, அவர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பேரன் எழுந்து உட்காரத் தொடங்கியதும் மெத்தைத் தட்டைக் கீழ்மட்டத்துக்கு இறக்குங்கள். 90 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்தாலோ, அதற்கு முன்பே சட்டத்தின்மேல் கால் தூக்கிப் போட்டாலோ, அன்றிரவே அவன் படுக்கையைத் தரைக்கு மாற்றிவிடுங்கள்.