கல்யாண கேசட் திக்கித் திக்கி ஓடுகிறது... டாங்கிளை மாற்றலாமா?

கேள்வி: 1994-ல் நடந்த எங்கள் கல்யாண கேசட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்க்கிறேன். நாத்தனார் வீட்டுப் பழைய டெக்கும் (கேசட் ஓட்டும் வி.சி.ஆர்.), அதன் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கிய யு.எஸ்.பி. கேப்சர் டாங்கிளும் இருக்கின்றன. படம் பதிவாகிறது, ஆனால் மாப்பிள்ளை ஊர்வலம் முழுக்க வெட்டி வெட்டி ஓடுகிறது. போகப் போக மேளச் சத்தம் முன்னால் போய்விடுகிறது, படம் பின்னால் வருகிறது. நாலு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன். டாங்கிளைத் திருப்பி அனுப்பிவிட்டு விலை கூடியதாக ஒன்று வாங்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கேசட்டை டெக்கிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். ஐந்தாவது தடவை ஓட்ட வேண்டாம். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டில் அக்கா கல்யாண கேசட்டை அப்படித்தான் இழந்தோம். இந்த வயரை மாற்றிப் பார்ப்போம், அந்த செட்டிங்கை மாற்றிப் பார்ப்போம் என்று ஒரே நாளில் ஏழெட்டு முறை ஓட்டினோம். கடைசி முறை டெக் டேப்பைத் தின்றுவிட்டது. பாட்டி ஆரத்தி எடுத்த இடம் கசங்கிப் போனது. பாட்டி நடமாடிய ஒரே படம் எங்களிடம் அதுதான். சோதனைக்கு, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு பழைய சினிமா கேசட்டைத் தேடி எடுங்கள். எல்லாம் சரியான பிறகு கல்யாண கேசட்டை ஒரே ஒரு முறை ஓட்டினால் போதும்.

புதிய டாங்கிள் வாங்குவதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். திக்கல் டேப்பிலோ டெக்கிலோ இருக்கலாம், பதிவாகும்போது வரலாம், பதிவான ஃபைலை ஓட்டும்போதும் வரலாம். எங்கே என்று தெரியாமல் எதை மாற்றினாலும் காசுதான் போகும்.

டெக்கின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை நேராக டிவியில் செருகிச் சோதனைக் கேசட்டைப் பாருங்கள். அங்கேயே படம் குதித்தால் டாங்கிள் மேல் பழி இல்லை. 'ட்ராக்கிங்' பட்டனைச் சரிசெய்து பாருங்கள். சரியாகாவிட்டால் டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட் அழுக்காக இருக்கலாம். அதைத் துடைப்பது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்திருக்கும் மெக்கானிக்கின் வேலை. காது குடையும் பஞ்சுக் குச்சியால் நீங்களே துடைக்காதீர்கள். பஞ்சு இழை ஹெட்டில் மாட்டினால் ஹெட்டே உடைந்துபோகலாம்.

டிவியில் நன்றாக ஓடினால், ஏற்கெனவே பதிவான ஃபைலைக் கவனியுங்கள். இதற்குக் கேசட் தேவையே இல்லை. வி.எல்.சி. பிளேயரில் ஊர்வலக் காட்சியைத் திறந்து நிறுத்திவிட்டு, கீபோர்டில் ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டிக்கொண்டே வாருங்கள். வீடியோ என்பது வரிசையாக ஓடும் தனித்தனிப் படங்கள்தான், ஒரு தட்டுக்கு ஒரு படம் நகரும். ஐந்து படம் நகர்ந்து ஆறாவது அசையாமல் நிற்கிறது, மறுபடி ஐந்து நகர்ந்து ஒன்று நிற்கிறது என்றால் பிடித்துவிட்டோம். இந்தியக் கேசட்டுகள் 'பால்' (PAL) என்ற டிவி முறையில் பதிவானவை, நொடிக்கு 25 படம். பதிவு செய்யும் சாஃப்ட்வேர் 30 என்று வைத்திருந்தால், குறையும் ஐந்தை இருக்கிற படத்தையே இரட்டித்து நிரப்பும். மணவறையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது. ஆள் நடந்தாலோ கேமரா திரும்பினாலோ தாளம் தப்பாமல் ஒரு உதறல் தெரியும். என்னிடம் வரும் புகார்களில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். பைசா செலவில்லாமல் சரியாகும்: ஓ.பி.எஸ். (OBS) போன்ற பதிவு சாஃப்ட்வேரில் வீடியோ செட்டிங்கிற்குப் போய் 30 அல்லது 60 என்றிருப்பதை '25 பால்' என்று மாற்றுங்கள். அளவு 720-க்கு 576. மஞ்சள் வயரை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சின்னப் பெட்டியை நடுவில் வைப்பவர்களுக்கும் இதே கோளாறு வரும். அந்தப் பெட்டிகளில் பலவும் 60-ஆக மாற்றித்தான் வெளியே அனுப்புகின்றன.

உங்கள் கடிதத்தில் சத்தமும் படமும் விலகுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதனால் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. தாளம் இல்லாமல், எங்கெங்கோ படம் தாவினால் நடுவில் படங்கள் விழுந்துபோகின்றன என்று பொருள். முதல் காரணம் கம்ப்யூட்டர். சுருக்காத வீடியோ நொடிக்குச் சுமார் 21 எம்.பி. வரும், ஒரு மணி நேரத்துக்கு 75 ஜி.பி. டாங்கிளை யு.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகுங்கள். பதிவு பென் டிரைவுக்குப் போகக் கூடாது, உள்ளே இருக்கும் டிஸ்க்குக்குப் போகட்டும். பழைய பென் டிரைவுகள் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்காது என்பதும் நினைவிருக்கட்டும். பதிவாகும் நேரத்தில் பிரவுசர், ஆன்டிவைரஸ் ஸ்கேன் எதுவும் ஓடக் கூடாது. விழுந்த படங்களின் எண்ணிக்கையை ஓ.பி.எஸ். அதன் 'ஸ்டாட்ஸ்' ஜன்னலில் காட்டும். சோதனைக் கேசட்டில் பத்து நிமிடம் ஓட்டி அந்த எண் பூஜ்யமாகவே இருந்தால் கம்ப்யூட்டர் தேறிவிட்டது.

அதற்குப் பிறகும் தாவினால் இரண்டாவது காரணம் டேப்பின் நேரப் பிசகு. முப்பது வயதான டேப் லேசாக நீண்டிருக்கும், டெக்கின் ரப்பரும் தளர்ந்திருக்கும். அதனால் படத்தை உருவாக்கும் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் முன்னே பின்னே வந்து சேரும். பழைய டியூப் டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும், மலிவு டாங்கிள் பொறுக்காது. குழம்பிப்போய் அந்தப் படத்தையே விட்டுவிடும். சத்தம் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருப்பதால் இரண்டும் விலகிப்போகும். ஸ்டுடியோக்களில் இதற்கு 'டைம் பேஸ் கரெக்டர்' என்ற தனிக் கருவி வைப்பார்கள், விலை அதிகம். வீட்டுக்கு ஒரு வழி உண்டு: பழைய டிவிடி ரெக்கார்டர். பிளேயர் இல்லை, பதிவு செய்யும் ரெக்கார்டர். டெக்கிலிருந்து அதற்குள் விட்டு, அதிலிருந்து டாங்கிளுக்குக் கொண்டுபோனால் பல மாடல்கள் சிக்னலை நிதானப்படுத்தித் தரும். கூடுதல் பணத்தை இன்னொரு டாங்கிளில் போடுவதைவிட இதில் போடச் சொல்வேன். வெளியே ஒரே உருவத்தில் விற்கும் டாங்கிள்களுக்குள் வேறு வேறு சிப்கள் இருக்கும். விலை கூடியதால் மட்டும் உள்ளே நல்ல சிப் இருக்கும் என்று நம்ப முடியாது.

நகரும் கைகளில் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரிந்தால் அது திக்கல் இல்லை. ஒவ்வொரு படமும் இரண்டு பாதியாகப் பதிவாவதால் வருவது. வி.எல்.சி.யில் 'டீஇன்டர்லேஸ்' போட்டால் மறையும். ஆள் ஒரு அடி முன்னும் அரை அடி பின்னுமாக நடுங்கினால் அந்தப் பாதிகளின் வரிசை மாறியிருக்கிறது, அதுவும் செட்டிங்கில் சரியாகும்.

கல்யாண கேசட்டை ஓட்டும் நாளில் இன்னும் ஒரு வேலை. கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர் நம்முடையது. டேப் சுருளில் வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் டெக்கில் போடவே வேண்டாம். ஹெட் அடைத்துக்கொள்ளும், அதே டெக்கில் அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் படம் ஓட்டாமல் ஃபாஸ்ட் ஃபார்வர்டில் கடைசி வரை சுற்றி, பிறகு முழுக்க ரீவைண்ட் செய்யுங்கள். பல வருடம் ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருள் சீராகும். அதன் பிறகு பதிவு செய்யுங்கள்.

சோதனையில் டாங்கிள்தான் கோளாறு என்று தெளிவானால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். தளத்தில் சொன்ன நாளுக்குள் அனுப்புங்கள், படம் தாவுவதை மொபைலில் எடுத்து வையுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

கேள்வி: பிரான்சில் இருக்கும் சித்தப்பா 90-களில் அனுப்பிய கேசட்டுகள் எங்கள் டெக்கில் கறுப்பு வெள்ளையாக ஓடுகின்றன. கேசட் கெட்டுவிட்டதா? சண்டே மார்க்கெட்டில் வேறு டெக் பார்த்து வைத்திருக்கிறேன்.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கெடவில்லை. பிரான்சில் அப்போது டிவி 'செகாம்' முறை. நொடிக்கு 25 படம் என்பதில் நம் 'பால்' முறைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை, அதனால்தான் ஓட்டம் சீராக இருக்கிறது. நிறத்தை எழுதும் விதம் மட்டும் வேறு. டெக்கின் மேல் 'மல்டி சிஸ்டம்' என்று இருந்தாலே போதும் என்று நினைக்காதீர்கள். பலவற்றில் இருப்பது 'மீசெகாம்' என்ற வேறு வகை. பிரான்சில் பதிவான கேசட் அதிலும் கறுப்பு வெள்ளையாகவே வரலாம். பிரான்சில் விற்ற டெக் யாரிடமாவது இருக்கிறதா என்று முதலில் சொந்தத்தில் விசாரியுங்கள். புதுச்சேரியில் அது கிடைக்காத பொருள் இல்லை.

மார்க்கெட்டில் வாங்குவதாக இருந்தால் கையில் ஒரு கேசட்டோடு போங்கள். கரன்ட் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது என்பதை வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையிலேயே நிறுத்திவிட்டது. அதனால் எது வாங்கினாலும் பழையதுதான், பெல்ட்டும் ரப்பர் உருளையும் எப்படி இருக்கிறது என்பதுதான் விலை.

கேள்வி: ஆறு கேசட்டை ஸ்டுடியோவில் கொடுத்து பென் டிரைவில் வாங்கினேன். டிவியில் விட்டு விட்டு ஓடுகிறது. "கேசட்டே அப்படித்தான்" என்கிறார்கள்.
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அதே பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து ஓட்டுங்கள். அங்கே சரியாக ஓடினால் உங்கள் டிவிக்கு அந்த ஃபைல் கனமாக இருக்கிறது, ஸ்டுடியோ மேல் தவறில்லை. எச்.264 எம்.பி.4 என்ற ஃபைல் வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரிலும் திக்கினால், அவர்கள் டெக்கில் உங்கள் முன்னால் ஒரு கேசட்டை ஐந்து நிமிடம் டிவியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டிவியில் சீராக ஓடி ஃபைலில் திக்கினால் அது சேவைக் குறைபாடு. மறுபடி செய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள், பில் நகல் இணையுங்கள். கேசட்டுகளை மட்டும் அதற்கு முன்பே கையில் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பதில் இல்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் முடியாவிட்டால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம். பென் டிரைவில் இப்போது இருப்பதை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். ஆணையத்தில் உங்கள் சாட்சி அதுதான்.