துளசி எழுதிய நாவல்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மாமியார் இந்தி சீரியல்களை விடாமல் பார்ப்பவர். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல்தான். ஆனாலும் துளசி அழுதால் இவரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தத் துளசியாக நடித்த ஸ்மிருதி இரானி மந்திரியாகி, ஒரு நாவலும் எழுதியிருக்கிறாராம். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து நடிகர்கள் அரசியலுக்கு வருவது நமக்குப் பழகிப்போனது. எழுத்திலும் புகழை வைத்தே இடம் பிடிப்பது நியாயமா? அந்த நாவலை வாங்கலாமா?

ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

புகழ் இருந்தால் எல்லாம் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அவருடைய தேர்தல் கணக்கைப் பாருங்கள். துளசி வந்த 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' தொடர் ஓடியது 2000 முதல் 2008 வரை. 2003-இல் பா.ஜ.க.வில் சேர்ந்து, மறு ஆண்டே டெல்லி சாந்தினி சௌக்கில் நின்றார். துளசி வீட்டுக்கு வீடு கொடிகட்டிப் பறந்த நேரம் அது; கபில் சிபலிடம் தோற்றார். 2014-இல் அமேதியில் ராகுல் காந்தியிடம் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோல்வி. ஆனால் தொகுதியைக் கைவிடவில்லை. ஐந்து ஆண்டுகள் போய்வந்துகொண்டே இருந்து, 2019-இல் அதே ராகுலை 55,000 வாக்குகளில் வென்றார். அந்த வெற்றி உழைத்துப் பெற்றது. அதை யாரும் மறுக்க முடியாது. 2024-இல் அங்கேயே தோற்று, மறு ஆண்டு ஜூலையில் துளசியாகவே சின்னத்திரைக்குத் திரும்பினார். உங்கள் மாமியாருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

எம்.ஜி.ஆரைச் சொன்னீர்கள். அண்ணாவையும் கலைஞரையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். அண்ணா தாம் எழுதிய நாடகங்களில் தாமே நடித்தார். கலைஞர் திரைக்கு வசனம் எழுதிப் பெயர் வாங்கிப் பல ஆண்டுகள் கழித்தே முதல்வரானார். இருவரையும் மேடையேற்றியது எழுத்து. ஸ்மிருதி இரானியிடம் வரிசை மாறிவிட்டது: முதலில் நடிப்பு, பிறகு பதவி, அதன் பிறகு எழுத்து. என்னை உறுத்துவது நடிப்பு அல்ல, அந்தப் பதவி.

அவருடைய நாவல் 'லால் சலாம்' 2021 நவம்பரில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. 2010 ஏப்ரலில் சத்தீஸ்கரின் தந்தேவாடாவில் மாவோயிஸ்டுகள் 76 பாதுகாப்புப் படையினரைக் கொன்றார்களே, அந்தத் துயரம்தான் நாவலுக்குத் தூண்டுதல். விக்ரம் பிரதாப் சிங் என்ற இளம் போலீஸ் அதிகாரி கதாநாயகன். இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த நினைத்ததை நான் மதிக்கிறேன். ஆனால் நூல் வந்தபோது அவர் மத்திய அமைச்சர். அந்தக் காட்டில் நடக்கும் சண்டையில் அவருடைய அரசே ஒரு தரப்பு.

சீரியலில் ஓர் அதிர்ச்சியை எப்படிக் காட்டுகிறார்கள்? இடி இடிக்கும், கூடத்தில் நிற்பவர்களின் முகங்களுக்குக் கேமரா ஒவ்வொன்றாகத் தாவும், அதே பார்வை மூன்று முறை வரும். அந்தக் கூடத்துக்குத் தேநீர் கொண்டுவந்த வேலைக்காரியின் முகத்துக்கு மட்டும் கேமரா போகாது. நாவல் என்றால் அவளிடமும் போக வேண்டும். தந்தேவாடாவைப் பற்றிய நாவலில் அவளுடைய இடத்தில் நிற்பவர்கள் பழங்குடி மக்கள். இரு துப்பாக்கிகளுக்கும் நடுவே குடியிருப்பவர்கள் அவர்கள்தான்.

இந்தத் தீவில் இருந்துகொண்டு இதை நான் கேட்காமல் இருக்க முடியாது. மோக்காவில் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கும் பழைய குடியேற்றப் பதிவேடுகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரின் எண், பெயர், ஊர், சாதி, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை அரசு எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எழுத எந்த அதிகாரியும் ஒரு கட்டம் போடவில்லை. ஆகவே ஆட்சியில் இருப்பவர் கதை சொல்ல வரும்போது, நாம் மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்க வேண்டியவர்கள்.

தாராளமாக வாங்குங்கள். நடிகை எழுதியது என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம், சலுகை கொடுக்கவும் வேண்டாம். காட்டில் வாழும் ஒரு பெண் எங்கெல்லாம் தானே பேசுகிறாள், எங்கெல்லாம் அவளைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே படியுங்கள். என் கணிப்பை இப்போதே சொன்னால் நீங்கள் என் கண்ணால் படிப்பீர்கள். முடித்ததும் எழுதுங்கள், உங்கள் குறிப்புகளையும் என்னுடையதையும் சேர்த்து இங்கேயே வெளியிடுகிறேன்.