மாரிக்கு முன்னம் எதைத் தைப்பது?

கேள்வி: ரீச்சர், எனக்கு இது ஐந்தாம் மாதம். மார்கழிக் கடைசியில் திகதி தந்திருக்கிறார்கள். கணவருக்குக் கொழும்பில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒருதரம் வருவார். நான் அம்மாவோடு இருக்கிறேன். பிள்ளை பிறக்கும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் கையால் ஏதாவது ஒன்று செய்து முடிப்பது என்று பட்டியல் போட்டேன். நான் சின்னதில் கிடந்த மரத் தொட்டிலைத் தேய்த்துப் பெயின்ற் அடிப்பது, அறைச் சுவரில் படம் வரைவது, ஒட்டுத்துணிப் போர்வை, குட்டித் தலையணைகள், சட்டைகள். இப்போது எல்லாம் பாதியில் கிடக்கிறது. பிள்ளை கையில் கிடைக்குமுன் எதுவும் செய்யக்கூடாது என்று அம்மாவும் ஏசுகிறா. விடவும் மனமில்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, காரைதீவு

பதில்: விடவேண்டாம், மகள். சனிக்கிழமையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத்தான் மாற்றவேண்டும்.

இது ஆவணி. கச்சான் வீசுகிறது, கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்க்குமுன் காய்கிறது. உங்கள் பிள்ளை பிறக்கப்போவது நல்ல மாரியில். பச்சைப் பிள்ளை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு துணி நனைக்கும். அடைமழையில் அது காயாது. ஆகவே வெயில் இருக்கும்போதே துணி வேலையை முடிப்பதுதான் உங்களுக்கு முதல் வேலை. சுவரில் யானை இல்லாவிட்டாலும் பிள்ளை வளரும், காய்ந்த துணி இல்லாமல் ஒருநாள்கூடச் சமாளிக்க முடியாது.

அம்மாவிடம் பழைய நூல் சாறிகள் கேளுங்கள். துவைத்துத் துவைத்து மெதுவாய்ப் போனது எதுவோ அதுதான் நல்லது. ஆனால் அலுமாரியில் பூச்சிக்குப் போடுகிற வெள்ளை நாப்தலீன் உருண்டைக்குள் கிடந்த துணி என்றால் கவனம். சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக இருக்கும். அந்த உருண்டையின் வாசம் ஏறிய துணி பட்டாலே அவர்களின் செங்குருதிக் கலங்கள் உடைந்து மஞ்சட்காமாலை கடுமையாகும். எந்தப் பிள்ளைக்கு அப்படி என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சாறியை முதலில் காற்றாட விட்டு, பிறகு சவர்க்காரம் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் போடுங்கள். அதற்கும் வாசம் போகாத சாறியைப் பிள்ளைக்கு எடுக்கவே வேண்டாம்.

இனி வெட்டுவது. ஐந்தரை மீற்றர் சாறியை அகலப் பக்கம் இரண்டாக மடித்தால் 55 சென்ரிமீற்றர் வரும். அந்த அளவிலேயே சதுரமாக வெட்டிக்கொண்டு போனால் 20 துண்டு. தடித்த கரையும் நைந்த இடமும் கழிந்து பதினைந்து மிஞ்சும் என்று வையுங்கள். வொயில் போல மெல்லிசு என்றால் இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் தைக்கவேண்டும், அப்போது சாறி இரட்டிப்பாகத் தேவைப்படும். விளிம்பை நகத்தால் அழுத்தி ஒரு மடிப்பு, அதன் மேல் இன்னொரு மடிப்பு, பிறகு ஓடு தையல். வெட்டு விளிம்பு முழுக்க உள்ளே போய்விடவேண்டும். நூல் பிரிந்து தொங்கினால் அது பிள்ளையின் கால்விரலைச் சுற்றி இறுக்கும்.

அடுத்த வேலை விறாந்தையில் கொடி கட்டுவது. கணவர் வரும் சனிக்கிழமைக்கு இதை வையுங்கள். மாதமாய் இருக்கிறவள் உள்ள வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது என்று அம்மா சொல்லக்கூடும். தூணுக்குத் தூண் நைலோன் கயிறு கட்டினால் ஆணியே தேவையில்லை. அடுப்புப் புகை வராத பக்கமாய்ப் பாருங்கள். நுளம்பு வலையையும் அன்றைக்கே விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஓட்டைகளைத் தைத்துவிடலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, பிள்ளை பகலில் தூங்கும்போதும் வலை வேண்டும்.

தொட்டில் விஷயத்தில் நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், மகள். அதைத் தேய்க்காதீர்கள். நீங்கள் கிடந்த காலத்துத் தொட்டில் என்றால் அதில் இருக்கும் பெயின்ற் அவ்வளவு பழசு. பழைய பெயின்ற் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அரத்தாள் போட்டுத் தேய்க்க அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும், தாயின் இரத்தத்தில் இருந்து நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகும், அதன் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். தச்சரிடம் கொடுத்து அவருடைய பட்டறையில் வைத்துச் செய்விக்கட்டும். கம்பிகளுக்கு இடையில் 6 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி இருந்தால் புதுக் கம்பி போடச் சொல்லுங்கள். புதுப் பெயின்ற் வாசம் முற்றாகப் போனபிறகு வீட்டுக்குள் எடுத்தால் போதும்.

சுவர் ஓவியத்துக்கு ஸ்ரூலில் ஏறவேண்டி வரும். வயிறு முன்னுக்கு வர உடம்பின் சமநிலை மாறிவிடும், ஏறவேண்டாம். ஆசை தீரவில்லை என்றால் மேசையில் இருந்து துணியில் வரைந்து தொங்கவிடுங்கள். குட்டித் தலையணைகளைப் பட்டியலில் இருந்தே வெட்டிவிடுங்கள். ஒரு வயதுவரை பிள்ளையை மல்லாக்கக் கிடத்த வேண்டும், தட்டையான உறுதியான மெத்தையில், தலையணையும் பொம்மையும் தளர்ந்த போர்வையும் இல்லாமல். மூச்சு அடைபடாமல் இருக்கத்தான் இது. ஏணையில் ஆட்டுவதென்றால் ஆள் பக்கத்தில் இருந்து பார்க்கிற நேரத்துக்கு மட்டும்.

போர்வையை விரிப்பாக மாற்றுங்கள். உங்கள் ஊருக்குக் கைத்தறி நெய்கிற மருதமுனை பக்கம்தானே, அப்பாவிடம் பழைய கைத்தறிச் சாரம் இரண்டு இல்லாமலா போகும்? மூட்டுத் தையலை அவிழ்த்தால் ஏறக்குறைய இரண்டு மீற்றர் துணி. இரண்டாக மடிக்க அதுவே சதுரமாய் வந்துவிடும். இரண்டு சாரத்தையும் ஒன்றின் மேல் ஒன்று போட்டு, நடுவில் இருந்து வெளிப்பக்கமாய் ஓடு தையல் போட்டுக்கொண்டு போங்கள். விளிம்பில் இருந்து தொடங்கினால் நடுவில் துணி கூடிச் சுருங்கும். சாரத்தின் கோடுகளே உங்களுக்கு வழி காட்டும், அளவுகோல் தேவையில்லை. பிள்ளை குப்புறக் கிடந்து தலை தூக்கிப் பழக இதைவிட நல்ல விரிப்பு கடையில் கிடைக்காது. இதை எந்த வரியிலும் நிறுத்தலாம், அடுத்த கிழமை அங்கிருந்தே தொடரலாம். அன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்ற நிபந்தனைதான் உங்களைக் களைக்க வைத்திருக்கிறது.

ஒரு தடவையில் அரை மணித்தியாலம் போதும். பிறகு எழுந்து நடவுங்கள். கால் தொங்கவிட்டுத் தையல் மெசினில் இருந்தால் கால் வீங்குவது வழமை. ஆனால் முகமும் கையும் வீங்கினால், விடாத தலையிடியோ கண் மங்கலோ இருந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், கைவேலைக் களைப்பு என்று நினைத்திருக்கக்கூடாது. அன்றே ஆசுபத்திரிக்குப் போங்கள்.

அம்மாவோடு வாதம் செய்யாதீர்கள். பிறந்த பிள்ளை தங்குமோ என்று பயந்து வாழ்ந்தவர்கள் சொல்லி வைத்தது அது. அந்தப் பயம் உங்கள்மீது உள்ள பாசம்தான். சாறி கிழிப்பதும் கொடி கட்டுவதும் வீட்டு வேலை, அதற்கு அவ மறுக்கமாட்டா. கத்தரியை அவ கையிலேயே கொடுங்கள். ஆசுபத்திரிப் பைக்குச் சொந்தத்தில் ஒரு பிள்ளை போட்டுக் கழித்த சட்டைகள் நாலைந்து வாங்கிக்கொள்ளலாம். புதுச் சட்டையும் பெயர் பின்னுவதும் பிள்ளை பிறந்தபிறகு, முப்பத்தோராம் நாளுக்கு முன்னம் நடந்தால் சரி. கார்த்திகை பிறந்ததும் ஊசியை வைத்துவிடுங்கள். கிளினிக் அட்டையையும் மற்றக் கடதாசிகளையும் தண்ணீர் புகாத உறையில் போட்டு உயரத்தில் வைத்தால் அந்த மாதத்துக்கு அது போதும்.

கேள்வி: ராத்தாவுக்கு எட்டாம் மாதம். நான் குரோஷா பழகுகிறேன். கம்பளி நூலில் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுக்கலாமா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: நம்முடைய சூட்டுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி நூல் எடுங்கள். தூங்கும்போது தொப்பி போடக்கூடாது, பிள்ளைக்கு உடம்புச் சூடு தலை வழியாகத்தான் நன்றாக இறங்கும். காலுறை பின்னினால் கண்ணி இறுக்கமாய் இருக்கட்டும், விரல் வெளியே வரக்கூடாது. உட்பக்கத்தைப் புரட்டி நூல் முனைகளை நன்றாகக் கோர்த்து மறைத்துவிடுங்கள். பழகுகிற கைக்கு நான் சொல்வது, தடித்த பருத்தி நூலில் ஒரு கூடை. ராத்தா இரவில் எழும்பும்போது துணி, துவாய், சவர்க்காரம் எல்லாம் ஒரே கையில் எடுக்கலாம். கண்ணி கொஞ்சம் கோணினாலும் கூடைக்கு ஒன்றும் ஆகாது.