நகையை வங்கிக்குக் கொண்டுபோக வேண்டாம், அம்மா

ராசிபுரத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு என்னிடம் ஆலோசனை கேட்டு வந்திருந்தார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கட்-ஆஃப் 138. தாய்மாமா ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' இடம் பேசி, 25,000 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். வருடக் கட்டணம் 2.25 லட்சம், விடுதி தனி. மகளோ பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் போதும் என்கிறாள். போனுக்கு ஆப் எழுதுகிறாள், அதுவும் யாரும் கேள்விப்படாத ரீஸ்கிரிப்ட் என்ற மொழியில். "சொந்தக்காரங்க முன்னாடி தலைகாட்ட முடியல சார், பயமா இருக்கு" என்றார் அம்மா.

ஐந்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். அதற்கு மேல் சொல்வது நேர்மையில்லை. அம்மா, நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது அந்தக் கட்டணம். நான்கு வருடத்துக்கு 9 லட்சம். உங்கள் வீட்டுக்காரர் லாரி பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார், இருப்பது ஆறு பவுன். நம் பொறியியல் கல்லூரிகளில் முதல் வருடம் எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் பெரும்பாலும் அதே கணக்கு, இயற்பியல், வேதியியல், ஆங்கிலம்தான். பிரிவின் பெயருக்காக நகையை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கலந்தாய்வு, நீட், வங்கித் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் உங்கள் மகள் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன், அதை யாரும் உங்களுக்கு விளக்கவில்லை.

உங்கள் மகள் ஆப் எழுதப் பயன்படுத்தும் ரியாக்ட் நேட்டிவ் என்பது 2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கட்டமைப்பு. ஒரே ஆப்பை ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்து ஜாவாஸ்கிரிப்டில் எழுத அது உதவுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் ஒரு குறை உண்டு: எண் வர வேண்டிய இடத்தில் வெறுமை வந்தாலும் ஓடும்வரை தெரியாது. ரீஸ்கிரிப்ட் அப்படி விடாது. பிரான்சின் இன்ரியா ஆய்வகத்தில் வளர்ந்த ஓகேம்ல் மொழியின் வழிவந்தது அது. ரியாக்ட் நேட்டிவுக்கு அடிப்படையான ரியாக்டை உருவாக்கிய ஜோர்டன் வாக்தான் 2016இல் ரீசன் என்று இதன் முந்தைய வடிவத்தையும் கொண்டுவந்தார். 2020இல் அதிலிருந்து ரீஸ்கிரிப்ட் தனி மொழியாகப் பிரிந்தது. எழுதி முடித்ததும் கம்பைலர் என்ற மொழிமாற்றி மென்பொருள் ஒவ்வொரு வரியின் டைப்பையும், அதாவது அங்கே வருவது எண்ணா, எழுத்தா என்ற வகையையும், சரிபார்த்துவிட்டு, ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித் தரும்.

சரி, ரியாக்ட் நேட்டிவ் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறதே, அதை ரீஸ்கிரிப்ட் எப்படிப் புரிந்துகொள்ளும்? நடுவில் ஒருவர் உட்கார்ந்து, 'இந்தச் செயல்பாடு இன்ன டைப்பை வாங்கும், இன்ன டைப்பைத் தரும்' என்று ஒவ்வொன்றுக்கும் எழுதித் தர வேண்டும். அதற்குத்தான் பைண்டிங் என்று பெயர். போனை அதிரவைக்கும் 'வைப்ரேட்' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஒரு எண்ணையும் தரலாம், எண்களின் வரிசையையும் தரலாம். பைண்டிங் எழுதுபவர் அதை இரண்டு பெயர்களில் இரண்டு டைப்புகளாகப் பிரித்து எழுதலாம். சின்ன வேலைதான், ஆனால் ரியாக்ட் நேட்டிவின் ஆவணத்தை வரிவரியாகப் படிக்காமல் செய்ய முடியாது.

உங்கள் மகள் தன் பால் கணக்கு ஆப்பைக் காட்டினாள். சங்கத்துக்குக் காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை, பத்து நாளைக்கு எவ்வளவு பணம் என்று உங்களுக்காகச் செய்தது. உங்கள் போனில் நன்றாக ஓடியது, பக்கத்து வீட்டு அக்கா போனில் திறந்ததுமே மூடிக்கொண்டது. காரணத்தை அவளே கண்டுபிடித்திருக்கிறாள். புதிய போனில் பழைய கணக்கு எதுவும் சேமிப்பில் இல்லை, அதனால் வெறுமை திரும்பி வந்திருக்கிறது. பைண்டிங்கில் 'எப்போதும் எழுத்து வரும்' என்று இவள் எழுதிவைத்திருந்தாள், கம்பைலரும் அதை அப்படியே நம்பிவிட்டது. பைண்டிங்கில் சொல்லும் பொய்யைக் கம்பைலரால் பிடிக்க முடியாது. 'வரலாம், வராமலும் போகலாம்' என்று டைப்பை மாற்றியதும், வெறுமையை யோசிக்காமல் விட்ட இரண்டு இடங்களைக் கம்பைலரே சுட்டிக்காட்டியிருக்கிறது. இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் இந்தத் தெளிவை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

வேலை கிடைக்குமா என்று மாமா கேட்பார். ரீஸ்கிரிப்ட் தெரிந்தவர் தேவை என்ற விளம்பரங்கள் குறைவுதான், மறைக்க மாட்டேன். ஆனால் பெங்களூரு ஜஸ்பே நிறுவனத்தின் ஹைப்பர்ஸ்விட்ச் என்ற பணப் பரிமாற்ற மென்பொருளில், மொபைல் பகுதி ரியாக்ட் நேட்டிவ் மேல் ரீஸ்கிரிப்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே உருவான நம்ம யாத்ரி ஆட்டோ ஆப்பும் ப்யூர்ஸ்கிரிப்ட், ஹாஸ்கெல் என்று இதே குடும்பத்து மொழிகளில் வளர்ந்ததுதான். இரண்டின் நிரலும் திறந்தே கிடக்கிறது, இன்று ராத்திரியே படிக்கலாம். அப்புறம், 'வரலாம், வராமலும் போகலாம்' என்ற அந்த எண்ணம் காட்லின், ஸ்விஃப்ட், ரஸ்ட் என்ற மொழிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. இதில் பழகிய கை அங்கேயும் ஓடும்.

ஆகவே அரசுக் கல்லூரி பி.எஸ்சி.யே போதும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று வாங்கிக் கொடுங்கள், ஆப்பைச் சோதிக்க உங்கள் போனே போதும். சிறுசேரி சென்னைக் கணிதக் கழகப் பேராசிரியர்களின் ஹாஸ்கெல் பாடம் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் இருக்கிறது, பார்க்கக் கட்டணம் கிடையாது. ரியாக்ட் நேட்டிவில் புதிதாக ஒன்று சேரும்போதெல்லாம் பைண்டிங்கிலும் யாராவது சேர்க்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் சில தன்னார்வலர்கள்தான். விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்து அனுப்புவதிலிருந்து அவள் தொடங்கட்டும். ஒரு வருடம் கழித்துப் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடட்டும். மாமா ஒன்றைத் திணித்தார் என்று, நாமும் பதிலுக்கு இதைத் திணிக்கக் கூடாது.

முன்பணத்தைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். வகுப்பு தொடங்கும் முன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி. ரசீது நகலோடு கடிதம் எழுதி, ஸ்பீட் போஸ்டில் இந்த வாரமே அனுப்புங்கள். மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.