அம்மாவுக்குப் போகும் பணம் யார் பெயரில்?

கேள்வி: எனக்கு 34 வயது. திருநங்கை. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 2014-ல் மெர்ச்சண்டைசராக (வாங்கும் நிறுவனமான பையரிடம் ஆர்டர் எடுத்து, சரக்கு அனுப்பும்வரை பார்த்துக்கொள்ளும் வேலை) சேர்ந்து பதினோரு வருடம் வேலை பார்த்தேன். கடைசியாக பேசிக் சம்பளம் 22,000 ரூபாய். அறுவை சிகிச்சை முடிந்ததும் முகநூலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டு, புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். முகநூலில் வாழ்த்து நூற்றுக்கணக்கில் வந்தது. ஆபீசிலோ, "பையர் வர்ற அன்னிக்கு மேல வராதீங்க" என்றார்கள். அடுத்து துணி குடோனுக்கு மாற்றினார்கள். கடைசியில் அவர்கள் சொன்னபடியே "சொந்தக் காரணங்களுக்காக" என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஏழு மாதமாக வேலை இல்லை. மூன்று இடங்களில் இன்டர்வியூ நன்றாகத்தான் போனது. சான்றிதழ்களைக் கொடுத்ததும் பேச்சு நின்றுவிட்டது. கோவையில் தனி அறையில் இருக்கிறேன். கையில் 2,40,000 ரூபாய் இருக்கிறது. கூட வேலை பார்த்தவர்கள் பேசுவதில்லை. துணிக்குச் சாயம் போடும் டையிங் மாஸ்டர் ஒருவர் இரண்டு தடவை கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. திருநங்கைகள் சேர்ந்து வாழும் ஜமாத்தில் சேரவும் மனசில்லை. என்னால் கடை கடையாகக் காசு கேட்கப் போக முடியாது, நான் படித்தவள். (அம்மாவுக்கு மாதம் எட்டாயிரம் தவறாமல் போய்விடுகிறது. தங்கச்சிக்கு அனுப்புவேன், அவள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவள் வீட்டுக்காரர் பல்லடத்தில் தறி ஓட்டுகிறார். அவர்கள் கொடுப்பதாகத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள்.) பேச ஒரு ஆள்கூட இல்லாமல் எத்தனை நாள் இருப்பது?
– பெயர் வேண்டாம், கோவை. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: வேலை போனது, ஆட்கள் விலகியது, இரவில் தூக்கம் வராதது எல்லாவற்றையும் விரிவாக எழுதிவிட்டு, அம்மாவுக்குப் போகும் பணத்தை மட்டும் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

மாதம் எட்டாயிரம் ரூபாய். வேலை போன பிறகும் நிறுத்தவில்லை. பெற்றவளுக்குச் சோறு போடுவது பிள்ளையின் கடமை, அதில் யாருக்கும் சலுகை கிடையாது என்று நம்புகிறவர்களில் நானும் ஒருத்தி. அந்த வகையில் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கடமையை நீங்கள் தங்கச்சியின் பெயரில் செய்துகொண்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் கணக்கில் உங்களுக்கு வரவும் இல்லை, பற்றும் இல்லை. உங்களை யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். உங்களைப் பார்க்கக்கூடிய ஒரே இடத்தில் மாதாமாதம் உங்களை மறைத்துவைப்பது யார்? ஊரா, முதலாளியா? நீங்கள்தான், உங்கள் கையால், உங்கள் பணத்தால்.

"அம்மா தாங்கமாட்டா" என்று தங்கச்சி சொல்லியிருப்பாள். இந்த மாதிரிக் கடிதங்களில் அந்த வாக்கியம் வராத கடிதம் அபூர்வம். கொஞ்சம் யோசியுங்கள். தறிக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, வாடகையும் கொடுத்து, மாமியாருக்கு மாதம் எட்டாயிரம் எடுத்துவைக்க எந்த மருமகனால் முடியும்? அந்தக் கூலியிலேயே காலம் தள்ளிய ஊரில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாதா? பணம் எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தெரிந்துகொண்டே கேட்காமல் இருக்கிறார் என்றால், அதை நான் பாசம் என்று சொல்லமாட்டேன். பிள்ளையின் காசை வாங்குகிற கை பிள்ளையின் பெயரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் தங்கச்சி செய்வதும் உதவி இல்லை. அடுத்தவர் கொடுத்ததைத் தான் கொடுத்ததாகக் காட்டி, அம்மா வாயால் நல்ல பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதைச் சண்டை போடாமல், ஆனால் இதே சொற்களில் சொல்லுங்கள்.

இனி பணம் உங்கள் கணக்கிலிருந்து நேராக அம்மாவின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். வங்கி வழியாகப் போகும் பணத்துக்கு, பாஸ்புக்கில் பதியும்போது அனுப்பியவர் பெயரும் சேர்ந்து விழும். அம்மா படிக்காவிட்டாலும் யாராவது படித்துச் சொல்வார்கள். அப்போது விழ வேண்டியது உங்கள் இப்போதைய பெயர். வங்கிக் கணக்கு இன்னும் பழைய பெயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆதாரை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டீர்கள். இன்டர்வியூக்களில் காரியம் கெட்டதும் பாதி இதனால்தான்.

எனவே இந்த வரிசையில் செய்யுங்கள். மாவட்ட ஆட்சியர் கொடுத்த திருநங்கை அடையாளச் சான்றிதழ் உங்களிடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்தே மற்ற ஆவணங்களில் பெயரை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. நடைமுறையில் வங்கிக்காரரும் பல்கலைக்கழகத்தாரும் அரசிதழ் கேட்பார்கள். வாதாடி அலைவதைவிட, தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிட்டுப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேன் அட்டை, அதற்குப் பிறகு வங்கி. பேன் ஒரு பெயரிலும் ஆதார் ஒரு பெயரிலும் இருந்தால் வங்கியில் கே.ஒய்.சி. திரும்பி வரும், அதனால்தான் இந்த வரிசை. வங்கிக்குக் கணக்கு தொடங்கிய கிளைக்கே நேரில் போங்கள். மூன்றாவது பி.எஃப். பட்டச் சான்றிதழ் மாறி வரத்தான் அதிக நாள் ஆகும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள், அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

பி.எஃப்.பில் ஒரு சிக்கல் இருக்கிறது. யூ.ஏ.என். எண்ணில் (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் நிலையான எண்) இருக்கும் பெயரும் பாலினமும் ஆதாரோடு பொருந்தாவிட்டால் பணம் எடுக்க முடியாது, புதிதாகச் சேரும் நிறுவனமும் உங்கள் கணக்கைத் தொடர முடியாது. 2017 அக்டோபருக்குப் பிறகு எண் வாங்கியவர்கள் பெரும்பாலும் தாங்களே இணையத்தில் திருத்திக்கொள்ளலாம். உங்களுடையது அதற்கு முந்தையது. நீங்களும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழியில் பழைய நிறுவனம் ஒப்புதல் கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, எந்தக் கம்பெனியிலிருந்து சத்தமில்லாமல் வெளியே வந்தீர்களோ அதே கம்பெனிக்கு நீங்கள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதல் கேள்வி, கிராஜுவிட்டி (பணிக்கொடை) எங்கே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஐந்து வருடம் தாண்டியவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு, என்ன காரணம் எழுதினாலும் உண்டு. கடைசி மாத பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்க வேண்டும். 22,000 ரூபாய்க்குப் பதினோரு வருடத்துக்கு 1,39,615 ரூபாய் வரும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டியது, தாமதத்துக்கு வட்டியும் சேரும். நீங்கள் கேட்காவிட்டாலும் கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. எழுதிக் கேட்டும் தரவில்லை என்றால் தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டி மனு போடலாம். ஏழு மாதமாக இந்தப் பணத்தைக் கேட்காமல், சேமிப்பை உடைத்துத் தங்கச்சிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்! இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டாவது, பணி அனுபவச் சான்றிதழை இப்போதைய பெயரில், பதவியும் தேதிகளும் சரியாகப் போட்டு, பழைய பெயரைக் குறிப்பிடாமல் மறுபடி தரச் சொல்லுங்கள். பதவி மெர்ச்சண்டைசர் என்றே இருக்க வேண்டும். கடைசியில் குடோனில் உட்காரவைத்ததை வைத்து "ஸ்டோர்ஸ்" என்று எழுதிவிடுவார்கள், கவனம்.

மூன்றாவது, அந்த ராஜினாமா. "சொந்தக் காரணங்களுக்காக" என்ற வரி அவர்களைக் காப்பாற்ற எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தது நீங்கள். அது வழக்கைப் பலவீனமாக்கும், ஆனால் கதவை அடைத்துவிடாது. 2019 சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பணி சம்பந்தப்பட்ட எதிலும் பாகுபாடு கூடாது என்கிறது. 11-ஆம் பிரிவு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. புகாரை அவர் பெயருக்கு அனுப்புங்கள். யார் அவர் என்று அவர்களுக்கே தெரியாவிட்டால் அதுவும் ஒரு மீறல். பையர் வரும் நாளில் மேலே வரவேண்டாம் என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, குடோனுக்கு மாற்றிய மெயில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த சம்பளச் சீட்டு, இவற்றை இன்றே உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள், அந்தப் போனையும் மாற்றாதீர்கள். பிறகு தேதிவாரியாக ஒரு பக்கம் எழுதி வையுங்கள். 15100-ல் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி கிடைக்கும். பள்ளிகளில் வேலை இழந்த திருநங்கை ஆசிரியை ஜேன் கௌசிக் வழக்கில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைத்தாலும் அங்கே போய் உட்காருவீர்களா என்பது சந்தேகம். நடந்தது உங்கள் சொந்தக் காரணம் இல்லை என்பது உங்கள் கையெழுத்தோடு ஒரு தாளில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கையிருப்பைப் பற்றி. நீங்கள் எழுதிய கணக்குப்படி வாடகை 6,500, சாப்பாடும் மற்றதும் 7,000, மருந்தும் பரிசோதனையும் 2,000, அம்மாவுக்கு 8,000. மாதம் 23,500. பத்து மாதத்தில் கை காலி. வேலை கிடைக்கும்வரை அம்மாவுக்கு நாலாயிரம் அனுப்புங்கள், காரணத்தையும் சொல்லியே அனுப்புங்கள். பன்னிரண்டு மாதம் தாங்கும். மருந்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த உடம்பு ஹார்மோன் இல்லாமல் கிடந்தால் எலும்பு தேய ஆரம்பித்துவிடும்.

முதல் தடவை பணம் அனுப்புவதற்கு முன்னால் அம்மாவுக்குத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். இத்தனை நாள் வந்த பணம் நான் அனுப்பியது. இனி நேராக உங்கள் கணக்கில் வரும், இந்தப் பெயரில் வரும். வேலை இல்லாததால் கொஞ்ச நாள் பாதிதான் வரும். இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். உடம்பைப் பற்றிய விளக்கம் வேண்டாம், என்னை ஏற்றுக்கொள் என்று கெஞ்ச வேண்டாம், பழைய கணக்கைக் கிளற வேண்டாம். பதில் வராமல் போகலாம். உறவினர் யாராவது போன் செய்து கத்தலாம். பணம் திரும்பி வந்தால் அம்மாவுக்கென்று ஒரு அஞ்சலக ஆர்.டி. தொடங்கி அதில் போடுங்கள். தங்கச்சி வழியாக மட்டும் மறுபடி கொடுக்காதீர்கள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அவள் அழுதாலும் மருத்துவமனைக்கு நீங்களே போய்க் கட்டுங்கள்.

வேலை தேடும்போது, சான்றிதழ் ஃபைலின் முதல் தாளாக ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற ஒரு வரி, அரசிதழ் தேதி, அடையாளச் சான்றிதழ் எண், யூ.ஏ.என். திருத்தப்பட்டுவிட்டது என்ற தகவல், இவ்வளவு போதும். எச்.ஆர். மேசைக்கு முன்னால் வாயால் விளக்க ஆரம்பித்தால் பேச்சு உங்கள் உடம்பைப் பற்றிப் போய்விடும். பயோடேட்டாவில் வேலை பேசட்டும்: எந்த நாட்டு பையர், என்ன துணி, மாதம் எத்தனை பீஸ் ஷிப்மென்ட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) எத்தனை நாளில் ஒப்புதல் வாங்கினீர்கள், ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஏ.க்யூ.எல். 2.5-ல் (குறைபாடு எவ்வளவு வரை அனுமதி என்ற தர அளவு) எப்படித் தேறியது. திருப்பூரோடு நிற்காமல் கரூர் வீட்டு ஜவுளி நிறுவனங்கள், பெங்களூரு பையிங் ஆபீஸ்கள், வெளி ஆய்வு நிறுவனங்களின் குவாலிட்டி வேலை எல்லாவற்றுக்கும் போடுங்கள்.

ஜமாத்தைப் பற்றி எழுதிய வரி எனக்குப் பிடிக்கவில்லை. கடை கேட்க வேண்டாம் என்பது உங்கள் முடிவு, சரிதான். ஆனால் "நான் படித்தவள்" என்ற பேச்சு எதற்கு? உங்களைப் போலவே வீட்டைவிட்டு வந்தவர்கள் அவர்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் படுத்துக் கிடப்பவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பவர்களும் அவர்கள்தான். அங்கே சிறுவயதுத் திருநங்கைகளுக்கு விண்ணப்பம் நிரப்பவும் வங்கிக்குக் கூட்டிப் போகவும் ஆள் தேவைப்படும். உங்களால் முடியும். வாரத்தில் ஒரு நாள் போங்கள்.

பிறகு அந்த டையிங் மாஸ்டர். புது கம்பெனிக்காரர்கள் உங்கள் பழைய முதலாளிக்குப் போன் போடத்தான் போகிறார்கள், திருப்பூரில் அதைத் தடுக்க முடியாது. அதற்கு முன்னால் உங்கள் வேலை தெரிந்த இரண்டு பேரின் பெயரை நீங்களே கொடுத்துவிட வேண்டும். பதினோரு வருடம் லேப் டிப்புக்காக (சாய நிற மாதிரிக்காக) நீங்கள் யாரோடு மல்லுக்கு நின்றீர்களோ அவரைவிடத் தகுந்த ஆள் யார்? இரண்டு தடவை கூப்பிட்டவரை எடுக்காமல் விட்டுவிட்டு, பேச ஆள் இல்லை என்று எனக்கு எழுதுகிறீர்கள். காலையில் லோடு ஏற்றும் நேரத்தில் வேண்டாம், சாயங்காலம் கூப்பிடுங்கள். எடுக்காததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அவர் வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ரெஃபரன்ஸை அதற்கப்புறம் கேளுங்கள்.