களா பாக்கி இருக்கும்போது ஆறு நோன்பு வைக்கலாமா?

கேள்வி: நான் பிறந்தது நாகூர்ப் பக்கம். வாக்கப்பட்டது திருவாரூர் மாவட்டத்தில் உள்ளடங்கிய ஓர் ஊர். கணவர் சவூதியில் இருக்கிறார். மகள் கைக்குழந்தையாக இருந்த ரமளானில் சில நோன்பு வைத்துப் பார்த்தேன். பால் குறைந்து பிள்ளை அழுததால் மிச்சத்தை விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு ரமளானிலும் மாதவிடாயால் 13 போனது. எதையும் இன்னும் களா செய்யவில்லை, அதாவது விட்டதற்கு ஈடாகப் பிறகு நோன்பு வைக்கவில்லை. அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன், மகள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். முதல் வருஷம் விட்டது 22-ஆ 24-ஆ என்று இப்போது நிச்சயமில்லை. ஆனால் போன வருஷம் முழுக்க மாமியோடு சேர்ந்து திங்கள், வியாழன் நோன்பு வைத்தேன். இப்போது ரமளானுக்கு அடுத்த ஷவ்வால் மாதம். “ஆறு நோன்புக்கு நீயும் வாயேன்” என்கிறார் மாமி. களா இருந்தால் சுன்னத்தான (கட்டாயமில்லாத) நோன்பு செல்லாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. “நாளுக்கு இவ்வளவு என்று அரிசியைப் பள்ளிவாசல் கஞ்சிக்குக் கொடுத்துவிடு, தீர்ந்தது” என்கிறார் உம்மா. ஒரு வியாழக்கிழமை மதினி நாகூரிலிருந்து சூடாக இறால் வாடா கொண்டுவந்தார், மறுக்க முடியாமல் நோன்பை முறித்துவிட்டேன். அதுவும் உறுத்துகிறது.
– திருவாரூர் மாவட்ட வாசகி

பதில்: வ அலைக்குமுஸ்ஸலாம். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் சரி, கொஞ்சம் தவறு. முதலில் அந்த அலமாரிக் கதவைப் பார்ப்போம்.

22-ஆ 24-ஆ என்று சந்தேகம் வந்தால் கூடுதலான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக 24-ம் 13-ம் சேர்த்து 37. ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு ரமளான் நோன்பு கடமையானபோது இறங்கிய குர்ஆனின் அல்பகரா அத்தியாய வசனங்களிலேயே, நோயாளியும் பயணியும் விட்டதை வேறு நாட்களில் எண்ணி நிறைவேற்றும்படி வருகிறது. மாதவிடாயில் விட்ட தொழுகையைத் திரும்பத் தொழ வேண்டியதில்லை, விட்ட நோன்பை மட்டும் களா செய்யச் சொல்லப்பட்டோம் என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னது ‘முஸ்லிம்’ ஹதீஸ் நூலில் இருக்கிறது. என் அம்மா இந்தக் கணக்கைப் புளியங்கொட்டையில் வைத்திருந்தார். விட்ட நோன்புக்கு ஒரு கொட்டை டப்பாவுக்குள் போகும், களா முடிந்ததும் ஒன்று வெளியே வரும். பென்சில் கோட்டைவிட அது பத்திரம். பிள்ளை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து உம்மாவின் அரிசி. நோன்பு வைக்க உடம்பில் தெம்பு இருக்கும்வரை அரிசி கொடுத்து நோன்பைத் தீர்க்க முடியாது. இனி எப்போதும் நோன்பு வைக்க இயலாத முதியவர்களுக்கும் தீராத நோயாளிகளுக்கும்தான் ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்குக் கொடுக்கும் உணவு) மட்டும் போதும். நீங்கள் 37-ஐயும் வைத்தே ஆக வேண்டும். ஆனால் உம்மா ஒன்றுமில்லாமல் அரிசிப் பேச்சை எடுக்கவில்லை. நம் கடலோர ஊர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹப் (மார்க்கச் சட்ட வழி), உள்ளே வர வர ராவுத்தர் ஊர்களில் ஹனஃபி. உடம்பு தாங்கும், பிள்ளைக்குப் பால் குறையுமே என்று மட்டும் பயந்து ஒரு தாய் நோன்பை விட்டால், ஷாஃபி மத்ஹபில் களாவோடு நாளுக்கு ஒரு ‘முத்து’ அரிசியும் உண்டு. ஹனஃபியில் களா மட்டும் போதும். அதனால்தான் பிறந்த வீட்டில் ஒரு பேச்சு, புகுந்த வீட்டில் ஒரு பேச்சு. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

கல்யாணத்தோடு மத்ஹப் தானாக மாறிவிடாது. இன்னமும் ஷாஃபி முறைப்படிதான் தொழுகிறீர்கள் என்றால் 24 நாளுக்கும் அரிசி கொடுங்கள். முத்து என்பது பழைய முகத்தல் அளவு. பேணுதலுக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 18 கிலோ வரும். அதைப் பள்ளிவாசல் கஞ்சிக் கொப்பரையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிப்போக ஏழையும் வருவார், கடைத்தெரு முதலாளியும் வருவார், தெருவில் மற்ற மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஃபித்யாவோ ஏழையின் பங்கு. அரிசியாகவே அவர் கையில் சேர வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் திங்கள், வியாழன் வைக்கத் தெம்பு இருந்ததல்லவா? அப்படியானால் அப்போதே களாவை வைத்திருக்கலாம். காரணமில்லாமல் அடுத்த ரமளானைத் தாண்டவிட்டால், அந்தத் தாமதத்துக்கும் ஷாஃபியில் தனியாக ஃபித்யா உண்டு, ஹனஃபியில் இல்லை. எந்த நோன்பு எத்தனை ரமளானைத் தாண்டியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்காக, வைத்த திங்களும் வியாழனும் வீண் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா “செல்லாது” என்றது அளவுக்கு மீறிய பேச்சு. தக்க காரணத்தோடு விட்ட நோன்புக்கு அடுத்த ரமளான் வரும்வரை அவகாசம் இருக்கிறது. தன் களாவை ரமளானுக்கு முந்தைய ஷஅபான் மாதத்தில்தான் வைக்க முடிந்தது என்று ஆயிஷா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள், புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இடையில் வைக்கும் சுன்னத் சுன்னத்தாகச் சேரும். ஆனால் வைத்து முடித்த சுன்னத்தை இப்போது களாவாக மாற்றி எழுதிக்கொள்ள முடியாது.

சரி, ஆறு நோன்பு. ரமளானோடு ஷவ்வாலில் ஆறும் வைத்தால் வருஷம் முழுக்க நோன்பு வைத்தது போல என்று முஸ்லிமில் வருகிறது. ஒன்றுக்குப் பத்து என்று 36-ஐப் பெருக்கினால் 360. உங்கள் நிலையில் நான் சொல்வது இதுதான்: மாமி ஸஹருக்கு எழுப்பினால் எழுந்து, களாவுக்கு நிய்யத் (மனதில் எண்ணம்) வையுங்கள். ஷவ்வாலில் களா வைத்தாலே ஆறு நோன்பின் நன்மையில் ஒரு பங்கு கிடைக்கும் என்று பிற்கால ஷாஃபி அறிஞர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பலன் ஆறையும் தனியாக வைப்பவருக்குத்தான். எதற்கு நிய்யத் வைத்தீர்கள் என்று மாமிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. நோன்பு எனக்குரியது, நானே கூலி கொடுப்பேன் என்று அல்லாஹ் சொன்ன வணக்கம் இது. பக்கத்து வீட்டுக்கு என்ன கணக்கு?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். களாவுக்கு நிய்யத் ஃபஜ்ருக்கு (விடியலுக்கு) முன்பே இருக்க வேண்டும். காலையில் தாமதமாக எழுந்து, ஒன்றும் சாப்பிடவில்லை, சரி இன்று நோன்பாக இருக்கட்டும் என்பது சுன்னத்துக்குச் செல்லும், இதற்குச் செல்லாது.

ஆறு போனால் மிச்சம் 31. உங்கள் பழைய திங்கள், வியாழன் வழக்கத்தை விடவே வேண்டாம், நிய்யத்தை மட்டும் மாற்றுங்கள். வாரத்துக்கு இரண்டு என்றால் 16 வாரம். நடுவில் மாதவிடாய் நாட்கள் போனாலும் ஐந்து மாதத்துக்குள் முடியும். ஹஜ்ஜுப் பெருநாளும் அடுத்த மூன்று நாளுமான துல்ஹஜ் 10 முதல் 13 வரை எந்த நோன்பும் கூடாது, அதைத் தள்ளிக்கொள்ளுங்கள்.

அந்த வாடா விஷயம் பெரிதில்லை. நபித்தோழர் சல்மான் (ரலி) இன்னொரு தோழரான அபூ தர்தாவின் வீட்டுக்கு விருந்துக்கு வந்தபோது “நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்” என்று அவருடைய சுன்னத் நோன்பை முறிக்கவைத்தார். சல்மான் சொன்னது சரி என்றார்கள் நபியவர்கள். ஷாஃபியில் முறித்த சுன்னத்துக்குக் களா கட்டாயமில்லை. ஹனஃபியில் உண்டு, அந்த முறைப்படி நடப்பவர் என்றால் ஒரு புளியங்கொட்டை கூடும். களா நோன்பை மட்டும் எந்த விருந்தாளிக்காகவும் முறிக்க வழியில்லை. அடுத்த வியாழன் மதினி வந்தால் வாடாவை மஃரிப் வரை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஆறினாலும் அது நன்றாகத்தான் இருக்கும்.