கிராம சுகாதார செவிலியர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரு செயலியை வடிவமைப்பது எப்படி?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் கர்ப்பிணிகளைப் பின்தொடர ஒரு கைப்பேசிச் செயலி செய்கிறோம். அதைப் பயன்படுத்தப்போகும் செவிலியர்களோடு சேர்ந்தே வடிவமைக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அரங்கில் புரொஜெக்டர் போட்டுக் கருத்துக் கேட்டால், முன்வரிசையில் மருத்துவ அலுவலர் இருக்கும்போது "நல்லாருக்கு சார்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. துணை சுகாதார நிலையத்துக்கே போங்கள். புதன்கிழமை வேண்டாம், தடுப்பூசி நாள். மாதக் கடைசியும் வேண்டாம், அறிக்கை அனுப்பும் நேரம். பரங்கிப்பேட்டை போலக் கடலோரத்தில் இரண்டு, பண்ருட்டிப் பக்கம் உள்ளே இரண்டு என நான்கு நிலையங்கள் போதும்.

மேசையில் உள்ள எல்லாப் பதிவேடுகளையும் விரித்து, ஒரே ஒரு கர்ப்பிணியின் விவரம் எத்தனை இடத்தில் எழுதப்படுகிறது என்று செவிலியரோடு உட்கார்ந்து எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் கேளுங்கள்: இதை யார் படிக்கிறார்கள், இது இல்லாவிட்டால் எந்த வேலை நிற்கும்? பதில் இல்லாத கட்டத்தை அடித்துவிடலாம். ஆனால் அடிக்கும் அதிகாரம் உங்களிடமும் இல்லை, செவிலியரிடமும் இல்லை. அதனால் செயலி வந்தால் எந்தப் பதிவேடு நிற்கும் என்று மாவட்ட அளவில் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் தாளிலும் எழுதி, கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியிலும் ஏற்றி, உங்கள் செயலியிலும் ஏற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது வேலை இரவு வீட்டில், நினைவிலிருந்துதான் நடக்கும். அந்தத் தரவை நம்ப முடியாது.

நிறவெறி ஆட்சி முடிந்த காலத்தில், 1990-களில், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பகுதியில் தொடங்கிய ஹெச்.ஐ.எஸ்.பி. என்ற சுகாதாரத் தகவல் திட்டம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. மேலே அனுப்ப வேண்டிய குறைந்தபட்சத் தரவு மட்டும் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் தன் வேலைக்கு வேண்டியதை அந்தந்த நிலையம் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே பிறந்த மென்பொருளின் இணைய வடிவமான டி.ஹெச்.ஐ.எஸ்.2 முதலில் பயன்பாட்டுக்கு வந்தது 2006-இல், பக்கத்துக் கேரளத்தில்.

செவிலியர்கள் இல்லாமல் உங்களுக்குத் தெரியவே வராத விஷயங்கள் சில உண்டு. கடைசி மாதவிடாய் தேதியைப் பல பெண்கள் "ஆடிப்பெருக்குக்கு ரெண்டு நாள் முன்னாடி" என்றுதான் சொல்வார்கள். திரை ஆங்கிலத் தேதியை மட்டும் கேட்டால், செவிலியர்கள் அவசரத்தில் மாதத்தை மட்டும் பிடித்து ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிடுவார்கள். அதோடு 280 நாள் கூட்டித்தான் பிரசவ தேதி வருகிறது என்பதால், இங்கே இரண்டு வாரம் பிசகினால் குறைமாதமா நிறைமாதமா என்பதே பிசகும். தேதிப் பெட்டிக்குப் பக்கத்தில் தமிழ் மாதத்தையும் திருவிழாக்களையும் காட்டுங்கள். "உத்தேசம்" என்று ஒரு பொத்தானும் வேண்டும்.

அடுத்தது தாய்வீடு. வளைகாப்பு முடிந்ததும் பெண் வேறு ஊருக்குப் போய்விடுவார். புகுந்த ஊரில் "காணவில்லை", பிறந்த ஊரில் புதுப் பதிவு. கூட்டினால் ஒருவர் இரண்டு பேராகிவிடுவார். கடலூரில் இதற்கு எல்லைச் சிக்கலும் சேரும். பாகூர்ப் பக்கம் புதுச்சேரியும் தமிழ்நாடும் பின்னிக் கிடக்கின்றன. பிரசவம் புதுச்சேரியில் உள்ள மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மரில் நடந்தால் அந்தப் பதிவு வேறு நிர்வாகத்தில் இருக்கும். ஆகவே "தாய்வீடு போனார்", "வெளியே பிரசவம்" இரண்டும் தனித்தனி நிலைகளாக இருக்கட்டும். அடையாளத்துக்கு, கர்ப்பத்தைப் பதியும்போது அரசு தரும் ஆர்.சி.எச். எண்ணையே வையுங்கள். கைப்பேசி எண் பெரும்பாலும் கணவருடையது, அடிக்கடி மாறும்.

நிரப்பும் கைக்குத்தான் முதல் பலன் போய்ச்சேர வேண்டும். செயலியைத் திறந்ததும் புள்ளிவிவர வரைபடம் வேண்டாம். இன்று பார்க்க வேண்டியவர்களின் பட்டியல் தெரு வாரியாக வரட்டும், ஹெச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) 7-க்குக் கீழே உள்ளவர் மேலே இருக்கட்டும். இது ஒன்று சரியாக அமைந்தால் தரவு தானாகவே நேரத்துக்கு வரும்.

நிரல் எழுதும் முன் திரைகளை ஏ4 தாளில் வரைந்து, பழைய பதிவேட்டிலிருந்து பத்துப் பேரின் விவரத்தைப் பெயரை மறைத்துக் கொடுத்து, செவிலியரை நிரப்பச் சொல்லுங்கள். குறுக்கே பேசாமல், கை எங்கே நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றாகக் கலப்பது அங்கேயே தெரிந்துவிடும்: "பார்த்தேன், இல்லை" வேறு, "பார்க்கவில்லை" வேறு. திருத்திய தாள்களோடு பதினைந்து நாளுக்குள் அதே நிலையங்களுக்குத் திரும்பப் போங்கள். தான் சொன்னது தாளில் மாறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் செவிலியர் அடுத்த குறையை வாய்விட்டுச் சொல்வார்.